ஐந்து பேர் இல்லாத பாடம்

கஜனின் வாயில் பாதி றோல்ஸ். மீதிப் பாதி கையில். நான் அவனுக்கு முன்னால் நின்று, "நீ இண்டைக்கு ஓம் எண்டு சொல்லாட்டில் நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்" என்று சொன்னேன்.

பல்கலைக்கழக வளாகத்துக் கன்ரீன். மத்தியான வெக்கை. மேசையில் யாரோ ஊற்றிய பிளேன்ரீயில் இலையான் மொய்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வருடப் பாடங்களுக்குப் பெயர் பதிய அன்றுதான் கடைசி நாள்.

கஜன் ஆறுதலாக விழுங்கினான். பிறகு கேட்டான்.

"உந்தப் பாடத்தைப் படிச்சு என்ன செய்யப் போறாய் தர்சி? கடலிலை மீனே பிடிக்கப் போறாய்?"

"மீன் பிடிக்கிறது என்ரை அப்பா. நான் படிக்கத்தான் கேக்கிறன்."

"கொப்பரைக் கேட்டுப் பார். ஸ்ரற்ஸ் எடு பிள்ளை எண்டுதான் அவரும் சொல்லுவார்."

எனக்குப் பக்கத்தில் நின்ற மயூரி சிரித்துவிட்டாள். அச்சுவேலிக்காரி, என் ஒரே கூட்டாளி, அந்தப் பாடத்துக்கு எனக்கு முதலே பெயர் கொடுத்தவள். அவளே சிரித்தால் எனக்கு எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். மெஷர் தியறி என்று ஒரு பாடம். நீளம், பரப்பு என்பவற்றை அடியிலிருந்து அளக்கச் சொல்லித்தரும் பாடம். விரும்பினால் எடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம். ஆனால் ஐந்து பேர் பதிந்தால்தான் நடத்துவார்கள். இந்தப் பாடம் நடக்காவிட்டால் நாலாம் வருடத்தில் இதற்கு மேல் வரும் பாடமும் கிடையாது.

மயூரி, நான், மலையகத்திலிருந்து வந்த ஒரு பெட்டை, எந்த வகுப்பிலும் நித்திரை கொள்ளும் ஒரு பெடியன். நாலு பேர். மற்ற எல்லோரும் வேலை கிடைக்கும் என்று ஸ்ரற்ஸ் பக்கம், அதாவது புள்ளிவிபரவியல் பக்கம், ஓடிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒரேயொரு ஆள் தேவைப்பட்டது.

"மூண்டாம் வருசம் சொல்லுறன்"

எனக்கு ஏன் அந்த வெறி என்று சொல்ல வேண்டும்.

முதலாம் வருடம் எங்களுக்கு அனலிசிஸ் என்ற கணிதப் பாடம் படிப்பித்த சேர் கட்டையான மனிதர். முழுக்கைச் சேட்டுத்தான் போடுவார். கரும்பலகையை டஸ்டரால் துடைக்கமாட்டார், உள்ளங்கையால் துடைப்பார். வகுப்பு முடிகிறபோது கை வெள்ளையாக இருக்கும். அதே கையால் முகத்தையும் துடைப்பார்.

ஒருநாள் அவர் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு கோடு கீறினார். அந்தக் கோட்டில் பின்னமாக எழுதக்கூடிய எண்கள் இருக்கின்றன. அரை, கால், மூன்றிலொன்று மாதிரி. அவற்றுக்கெல்லாம் பெறுமானம் ஒன்று. பின்னமாக எழுத முடியாத எண்களுக்கெல்லாம் பெறுமானம் பூச்சியம். இப்படி ஒரு சார்பு. இதற்குக் கீழே பரப்பு எவ்வளவு என்று கேட்டார்.

ஏ-லெவலில் தொகையீடு செய்து குவித்த ஆட்கள் நாங்கள். எல்லோரும் பேனையை எடுத்தோம். எல்லோரும் வைத்தோம். அந்தச் சார்பு எந்த இடத்திலும் ஒரு நிலையில் நிற்காது. நாங்கள் படித்த முறை எதற்கும் அது அகப்படவில்லை.

"விடையே இல்லையோ சேர்?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனால் உதை அளக்கிற கோல் உம்மட்டை இன்னும் இல்லை. மூண்டாம் வருசம் சொல்லுறன்."

அன்று பின்னேரமே போனில் தேடினேன். விடை பூச்சியம் என்று போட்டிருந்தது. ஏன் என்று வாசித்தேன். மூன்றாவது வரியில் தெரியாத ஒரு சொல். அந்தச் சொல்லைத் தேடினால் அதற்குள் இன்னும் இரண்டு தெரியாத சொற்கள். போனை வைத்துவிட்டேன். சேர் சொல்லுவார் என்று இருந்தேன்.

அப்பாவின் பகிடி

இதை வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் போட்டுப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு கணக்குக்கு மூண்டு வருசமே? நான் மூண்டு வருசத்திலை ஒரு வள்ளமே கட்டிப் போடுவன்."

"இடையிலை வேறை படிக்க வேணும் அப்பா. அதுகள் இல்லாமல் இது விளங்காது."

"என்ன கோதாரியோ."

அன்றிலிருந்து அது அவருக்குப் பகிடி. கடலால் வந்து சாப்பிட இருக்கும்போது கேட்பார். "என்ன பிள்ளை, உந்தக் கணக்குக்கு விடை வந்ததோ?" ஏன் பூச்சியம் என்று விளங்காதவரை அது விடை இல்லை; நான், "இன்னும் இல்லை" என்பேன். "மீனும் இன்னும் இல்லை" என்பார். இதுதான் எங்கள் வீட்டுக் கதை.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழக்கியது வேறு மாதிரி. அங்கே பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம். ரியூசன் கொட்டில்களில் எங்களுக்கு ஓதியதே அதுதான். "இது இந்த முறை வராது, விடு." "இது போன முறை வந்திட்டுது, விடு." விடு, விடு என்று சொல்லியே எங்களை வளாகம் வரைக்கும் தள்ளிவிட்டார்கள்.

வளாகத்துக் கணிதத்தில் விட முடியாது. ஒரு வலையைப் பாருங்கள். முதல் வரிசைக் கண் கயிற்றில் தொங்கும். இரண்டாம் வரிசை முதல் வரிசையில் தொங்கும். மேலே ஒரு கண்ணை விட்டால் கீழே முடிய இடமே இருக்காது. முதலாம் வருடத்தில் எண்களை வரிசைப்படுத்தினோம், முடிவில்லாத கூட்டல்களைக் கூட்டினோம். இரண்டாம் வருடத்தில் "எவ்வளவு சிறிது கேட்டாலும்" என்று தொடங்கும் நிறுவல்களைத் தலைவெடிக்கச் செய்தோம். ஒவ்வொரு விரிவுரையாளரும் அதையேதான் சொன்னார்கள். "இது ஏன் எண்டு வாற வருசம் விளங்கும்."

வாற வருடம், வாற வருடம் என்று நம்பிப் படித்த விசரி நான்.

சென்ற இதழில் ஒன்லைன் வகுப்புக் காலத்தை எழுதியிருந்தேன். மொட்டைமாடியில் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிக்கொண்டு நின்ற கதை. அதை வாசித்துவிட்டு ஒருவர், "அவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்து இப்ப என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். கரவெட்டிப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஆருடைய வீட்டில் மலசலகூடம் இருக்கிறது, ஆருடைய வீட்டில் இல்லை என்று பார்க்கிறேன். அந்த ஆளுக்குத் திருப்தியா?

கஜன் போட்ட நிபந்தனை

கன்ரீனுக்கு வருகிறேன்.

கஜன் எங்கள் பட்ச்சின் பிரதிநிதி. மூளைசாலி. படிக்காமலே என்னைவிடக் கூடப் புள்ளி எடுப்பான். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"சரி. பெயர் வைக்கிறன். ஆனால் நிக்கமாட்டன். ரெண்டு கிழமைக்குள்ளை எடுத்துப் போடுவன். எண்ணுறது முதல் கிழமைதானே. வகுப்புத் தொடங்கினால் பிறகு ஆர் நிப்பாட்டுவான்?"

"முதல் கிழமைதான் எண்ணுவாங்கள் எண்டு ஆர் சொன்னது?"

"சீனியர் அண்ணைமார்தான். போன முறையும் இப்பிடித்தானாம் செய்தவை."

மயூரி, "ஒருக்கா ஒப்பீசிலை கேட்டுப் பாப்பமோ?" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பேசினோம். "விசரே உனக்கு?"

வளாகத்தில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஒப்பீசில் ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் அவர்கள் மறந்துபோயிருக்கும் சட்டத்தை நாங்களே ஞாபகப்படுத்தியதாகப் போய்விடும். சீனியர் சொன்னால் அதுதான் வேதம். இப்படித்தான் நாங்கள் அத்தனை வருடமும் இழுத்தோம். எத்தனை பேருடைய தலையெழுத்து இந்தப் பழக்கத்தால் மாறியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

கஜன் பெயர் வைத்தான். ஐந்து பேர். பாடம் தொடங்கியது.

நடக்காத செவ்வாய்க்கிழமை

படிப்பிக்க வந்தவர் அதே சேர். அதே வெள்ளைக் கை.

அந்த இரண்டு கிழமையை எப்படிச் சொல்வது? வகுப்பில் ஐந்து பேர்தான். மின்விசிறி கிறீச்சிட்டது. நித்திரை கொள்ளும் பெடியன் நித்திரை கொள்ளவில்லை. புள்ளிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளால் மூடுவது எப்படி, அந்தத் துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் என்ன வரும், அதைவிடச் சிக்கனமாக மூட முடியுமா என்று சேர் போய்க்கொண்டிருந்தார். கஜன்தான் கூடக் கேள்வி கேட்டான். ஒருமுறை சேர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல கேள்வி ஐசே" என்றார். கஜனின் காது சிவந்ததைப் பார்த்தேன். இவன் நிற்பான் என்று நினைத்தேன்.

கடைசி வகுப்பின் முடிவில் சேர் என்னைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை, வாற செவ்வாய் உம்முடைய பழைய சார்புக்கு வருவம்."

அவர் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கஜன் பெயரை எடுத்தான். திங்கட்கிழமை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். போதிய மாணவர் இல்லாததால் பாடம் நடத்தப்படமாட்டாது. எண்ணுவது முதல் கிழமை இல்லையாம். பெயர் எடுக்கும் காலம் முடிந்த பிறகுதானாம். எப்போதும் அப்படித்தானாம்.

கஜனைச் சைக்கிள் தரிப்பிடத்தில் பிடித்தேன்.

"சொன்னதைத்தானே செய்தனான்" என்றான்.

"உனக்குப் பிடிச்சிருந்தது. நான் பாத்தனான்."

"பிடிச்சால்? அம்மா தலையிலை அடிச்சு அழுகிறா. வங்கியிலை ஸ்ரற்ஸ் படிச்ச ஆக்களைத்தான் எடுக்கிறாங்களாம்."

"போ. போய் வங்கியிலை குந்து."

அதன்பிறகு அவனோடு நான் கதைக்கவில்லை.

சேரின் அறைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "சனிக்கிழமையிலை வாரும், நான் சொல்லித் தாறன். புள்ளி ஒண்டும் வராது, சும்மா படிக்கலாம்" என்றார். ஆனால் எங்களை வேறொரு பாடத்துக்குள் தள்ளிவிட்டிருந்தார்கள். அது எங்கள் நாலு பேருக்கும் பிந்தித் தொடங்கியது. விட்டதைப் பிடிக்கச் சனிக்கிழமையும் போனது. பொருளாதார நெருக்கடியின் பெற்றோல் வரிசைக் காலம், பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. "அடுத்த மாதம் தொடங்குவம் சேர்" என்றேன். "ஓம், ஓம்" என்றார். அடுத்த மாதம் போய் அதற்கடுத்ததும் போனது. ஒருநாள் அறை பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அந்த நேரம் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். யாரைக் குறை சொல்வது?

அப்பா வழமைபோலக் கேட்டார். "விடை வந்ததோ பிள்ளை?"

"பாடமே நிண்டு போச்சு அப்பா."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்லை."

அவர் சோற்றைப் பிசைந்தார். மீன் பகிடி சொல்லவில்லை. அதோடு கேட்பதையும் விட்டுவிட்டார்.

நீயாகப் படித்திருக்கலாமே என்பீர்கள். புத்தகம் இருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதைக் காணும்போதெல்லாம் கஜனின் முகம்தான் வரும். திறக்கவில்லை.

மயூரியின் கலியாணப் பந்தி

அண்மையில் மயூரிக்குக் கலியாணம். அச்சுவேலியில் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்து பந்திக்கு இருந்தபோது எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து குந்தியவன் கஜன். பட்டு வேட்டி. உடம்பு கொஞ்சம் மொத்தம். கொழும்பில் ஏதோ நிதிக் கம்பனியில் இருக்கிறான் என்று கேள்வி.

எழும்பிப் போகலாம் என்றால் இலையில் சோறு விழுந்துவிட்டது.

"இன்னும் கோபமோ?"

"ஓம்."

"எத்தினை வருசமாச்சு தர்சி."

"எண்ணத் தெரிஞ்ச நீ அண்டைக்கு அஞ்சு வரைக்கும் எண்ணியிருக்கலாம்."

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"வெளிநாட்டிலை மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பம் போட்டனான். மெஷர் தியறி படிச்சனீங்களோ எண்டு கேட்டு எழுதினவங்கள். இல்லையெண்டு எழுதினன். முடிஞ்சுது கதை."

இதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். இப்படி ஏதாவது அவனுக்கு நடக்க வேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன். பருப்பைச் சோற்றில் குழைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நீ பிறகு முழுக்கப் படிச்சிருப்பாய்தானே?" என்று கேட்டான்.

"இல்லை."

"என்ன? நீயோ?"

"இல்லையெண்டுறன்."

அவன் கையை இலையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். "நீ எப்பிடியும் படிச்சு முடிச்சிருப்பாய் எண்டுதான் நான் நினைச்சனான். அந்த நினைப்பிலைதான் நித்திரை கொண்டனான். நீயும் படிக்கேல்லையோ?"

இருவரும் கொஞ்ச நேரம் சாப்பிட்டோம். பிறகு அவன்தான் கேட்டான்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை சேர் என்ன சொல்ல இருந்தவர்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"யோசி. புள்ளியளைத் துண்டுகளாலை மூடுற இடத்திலை விட்டவர். பின்னங்களைத்தானே மூடவேணும். ஆனால் அதுகள் முடிவில்லாமல் கிடக்கே."

"முடிவில்லாட்டிலும் வரிசையிலை நிப்பாட்டலாம். முதலாம் வருசம் செய்தனாங்கள்தானே. முதல்லை அரை. பிறகு மூண்டிலொண்டு, மூண்டிலிரண்டு. பிறகு கால்." நான் பந்தியைக் காட்டினேன். "இந்தா, இப்பிடி. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கதிரை. வரிசை மட்டும் முடியாது."

"சரி. மூட என்ன இருக்கு?"

என் இலையில் ஒரு பப்படம் இருந்தது. எடுத்தேன். சரிபாதியாக உடைத்தேன்.

"முதல் ஆளுக்குப் பாதி. மிச்சத்திலை பாதி ரெண்டாம் ஆளுக்கு. அதிலை மிச்சத்திலை பாதி மூண்டாம் ஆளுக்கு."

"பப்படம் முடியாது" என்றான் கஜன். அவன் குரல் மாறிவிட்டது. "வரிசை முடியாட்டிலும் ஒரு பப்படம் எல்லாருக்கும் காணும்."

"சின்னப் பப்படம் எண்டால்?"

"காணும்."

"இந்தத் துண்டு மட்டும் எண்டால்?"

"அதுவும் காணும்."

இலையில் கிடந்த பொடியை விரல் நுனியில் ஒற்றி அவனுக்குக் காட்டினேன். "இது?"

பரிமாறிக்கொண்டு வந்த ஐயா நின்றார். "என்ன தங்கச்சி, பப்படத்தைப் போட்டு நொருக்கிறீர்? காணாதோ?" என்று கேட்டு இன்னும் இரண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

கஜன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுவும் காணும். எவ்வளவு சின்னது கேட்டாலும் காணும். அப்ப அந்தப் பின்னங்கள் எல்லாம் பிடிக்கிற இடம்..."

"சொல்லு."

"பூச்சியம். பரப்பும் பூச்சியம்."

மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்பாட்டியது முதலாம் வருடப் பாடம். பாதி பாதியாகக் கூட்டியதும் அதே வருடம். "எவ்வளவு சின்னது கேட்டாலும்" என்பது இரண்டாம் வருடம். மூடுவது அந்த இரண்டு கிழமை. எல்லாம் எங்கள் கையில்தான் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றுக்குமேல் ஒன்றாக வைக்கவேண்டிய ஒரு செவ்வாய்க்கிழமைதான் இல்லாமல் போனது. அதற்கும் ஐந்து பேர் தேவைப்படவில்லை. இரண்டு பேர் காணும். அந்த இரண்டு பேரும் ஆளையாள் பார்க்காமல் இத்தனை வருடத்தைத் தின்றிருக்கிறோம்.

"அப்ப இதுக்கு மேலை என்ன?" என்று கஜன் கேட்டான். அவன் கண்ணில் பழைய மூன்றாம் வருடம் தெரிந்தது.

"இந்தப் பாடத்திலையே மிச்சம் எல்லாம் கிடக்கு. அதுக்கு மேலை நாலாம் வருசப் பாடம்."

"என்ன வரும் அதிலை?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது."

பாயாசம் வந்தது. குடித்தோம். மணவறையிலிருந்து மயூரி எங்களைப் படம் எடுக்கக் கூப்பிட்டாள். நானும் கஜனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டு கண்ணை உருட்டினாள். போகும்போது கஜன், "வாட்ஸ்அப்பிலை கதைப்பமோ, மிச்சத்தைப் படிச்சுப் பாக்க?" என்றான். "பாப்பம்" என்றேன். அவன் இன்னும் தொடர்பு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது பின்னேரம். அப்பா முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். இப்போது அவர் கடலுக்குப் போவது குறைவு, ஆருடையதோ வலை. செருப்பைக் கழற்றவும் இல்லை, அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"விடை பூச்சியம், அப்பா."

அவர் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தக் கணக்குக்குப் பிள்ளை?"

பகிடிக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.